மாற்றுவதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பார்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளத்தில் இறங்கினால் காரின் முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம், நேர்ரோட்டில் வண்டி லேசாக இடப்பக்கம் இழுக்கிறது, மெக்கானிக் முன்பக்கம் மொத்தத்தையும் மாற்றச் சொல்கிறார். நீ அவசரத்தில் இருந்தாய், அதனால் எழுதுகிறேன்.

இப்போதைக்கு எதையும் மாற்றச் சொல்லாதே. பழைய வண்டியின் முன்பக்கத்தில் எல்லாமே கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் சத்தம் போகலாம். ஆனால் கெட்டிருந்தது எது என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இணைப்பில் ஆட்டம், அதாவது தளர்வு, இருந்தால் கையால் ஆட்டிப் பார்த்தே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதை அவர் உன் கண் முன்னால் காட்டட்டும்.

இன்னொன்றும் உண்டு. ஸ்டியரிங் மெல்ல மெல்லத்தான் தளரும். தினமும் ஓட்டுகிறவருக்கு அது உறைக்காது. கை தானாகவே பழகிக்கொண்டு, நேராகப் போவதற்குக்கூட ஸ்டியரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கும். அந்த வண்டியை இதுவரை ஓட்டாத ஒருவரிடம் பத்து நிமிடம் கொடுத்துப் பார். உன் கை மறந்துபோனதை அவர் உடனே சொல்லிவிடுவார்.

இழுப்பதை முதலில் பார்ப்போம், அது சுலபம். டயர் ஆறியிருக்கும்போது காற்றை அளந்து பார். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டு ஓட்டு. ஒரே திசையில்தான் சுழலவேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் மட்டும் இப்படிச் செய்யாதே. இழுப்பு பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் அருகே மட்டும் அதிகச் சூடு அடித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். இதெல்லாம் இல்லை என்றானபிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, பக்கம் போகலாம்.

அப்புறம் ஆட்டம். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கியதும் கீழே ஸ்டாண்டு வைத்துவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே நீயும் போகாதே, வேறு யாரையும் போகவிடாதே. கண்ணு, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள். 3 மணி, 9 மணி இடங்களில் இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டு. தளர்வு தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் வெளிமுனை இணைப்பு), அல்லது அதே கம்பியின் மறுமுனையில், ஸ்டியரிங் ராக்கை (ஸ்டியரிங் திருப்ப இடம் வலம் நகரும் பல் சட்டத்தை) ஒட்டி ரப்பர் உறைக்குள் இருக்கும் உள் இணைப்பு. 12 மணி, 6 மணியில் பிடித்து ஆட்டும்போது தளர்ந்தால் பால் ஜாயிண்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் உருளை வளையம்). இந்த இரண்டில் எது என்று தெரிய, வேறொருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டு. ஆட்டம் நின்றால் பேரிங் மேல்தான் சந்தேகம். நிற்காவிட்டால் பால் ஜாயிண்டைப் பார்.

வண்டி சக்கரத்தில் நிற்கும்போதும் ஒரு சோதனை உண்டு. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஓர் அங்குலம் ஆட்டிக்கொண்டிருக்க, இன்னொருவர் வெளியிலிருந்து ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை வைத்துப் பார்ப்பது. ஒரு பக்கம் நகர்ந்தபிறகு மறுபக்கம் தாமதமாக நகர்ந்தால் விரலுக்கு அது 'டிக்' என்று தெரியும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தூக்கி வைத்த சக்கரத்தில் ஒளிந்திருப்பதுகூட இதில் வெளியே வரும்.

பால் ஜாயிண்ட் நம் தோள்பட்டை மூட்டு போன்றது. ஒரு குழிக்குள் ஓர் உருண்டை, சுற்றிலும் கிரீஸ், மேலே ரப்பர் உறை. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும், பிறகு தேய்மானம் வேகம் பிடிக்கும். முற்றிலும் தேய்ந்து கழன்றுவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக மடங்கிவிடும், ஸ்டியரிங் உன் கையில் இருந்தும் பயன் இருக்காது. டை ராட் எண்ட் கழன்றாலும் அந்தச் சக்கரம் உன் பேச்சைக் கேட்காது. ஆகவே இந்த இரண்டில் ஆட்டம் இருந்தால் வண்டியை ஓட்டாதே, மாற்றியபிறகு எடு.

உன் 'டக் டக்' சத்தம் அநேகமாக அவ்வளவு பெரியதாக இருக்காது. மெதுவாகப் போகும்போது சின்னக் குண்டு குழியில் வருகிற சத்தம் பல வண்டிகளில் ஸ்டெபிலைசர் லிங்க்கிலிருந்துதான் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு) வரும். மாற்றுவதும் எளிது. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையை வண்டியோடு இணைக்கும் ரப்பர்) வெடித்திருந்தால் பிரேக் போடும்போது 'டொக்' என்று ஒரு அடி கேட்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடுவதுபோல் சத்தம் வந்தால் ஷாக்கின் (அதிர்வைத் தாங்கும் குழாயின்) மேல்முனையைப் பிடித்திருக்கும் மவுண்டைப் பார்க்கச் சொல். ஷாக் உடம்பில் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பரவாயில்லை. வழிந்து அழுக்குப் பிடித்திருந்தால் அதன் காலம் முடிந்தது. ஷாக்கை மட்டும் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்று.

வேலை நடக்கும்போது நீ பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டை, சக்கரம் தொங்கும்போது முழுதாக இறுக்கக்கூடாது. வண்டியின் பாரம் சக்கரத்தில் இறங்கி, அது வழக்கமாக நிற்கும் உயரத்துக்கு வந்தபிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், புதுப் புஷ் சீக்கிரம் கிழியும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நீ தயங்காமல் கேள், நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். இணைப்பு கழலாமல் பிடிக்கும் பூட்டு நட்டும் ஸ்பிளிட் பின்னும் புதிதாகவே போடச் சொல். சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும் வேலையை மட்டும் நீ வீட்டில் முயலவே வேண்டாம். அழுத்தி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் உயிரே போகும்.

டை ராட் எண்ட் மாற்றினால் கட்டாயம் அலைன்மென்ட் செய்ய வேண்டும். பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிப் புதியதை அதே அளவுக்கு ஏற்றினாலும், அது அலைன்மென்ட் கடை வரை ஓட்டிப் போகத்தான் உதவும். தேய்ந்த பாகத்தை வைத்துக்கொண்டு முதலில் அலைன்மென்ட் செய்வதும் வீண்செலவு. ஆட்டம் இருக்கும்வரை அந்த அளவு நிற்காது. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாள் இரண்டையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்.

சனிக்கிழமை அந்த மெக்கானிக்கிடம் போகும்போது, கெட்டது என்று அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் ஆட்டிக் காட்டச் சொல்லி வீடியோ எடு. இரண்டு முன் டயர்களின் உள்விளிம்பையும் படம் எடுத்து அனுப்பு. உள்விளிம்பு மட்டும் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கிறதா, கையால் தடவினால் ஒரு திசையில் மட்டும் ரம்பம்போல் சொரசொரக்கிறதா என்றும் பார்த்துச் சொல். அதைப் பார்த்துவிட்டு நானே அவரிடம் போனில் பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா