ஐஸ் ஹாக்கி வெண்கலத்துக்கு மூன்று வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஆண்டு இறுதிச் சிறப்பிதழில் வந்த ‘2025: விளையாட்டு’ தொகுப்பை நிதானமாக உட்கார்ந்து படித்தேன். மகளிர் கிரிக்கெட் உலகக் கோப்பைக்கு இரண்டு முழுப் பக்கம் கொடுத்திருந்தீர்கள், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, இன்னும் ஒரு பக்கம் கொடுத்திருந்தாலும் படித்திருப்பேன். கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு டயர் விளம்பரத்துக்கு மேலே மூன்று வரி இருந்தது பாருங்கள், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இந்தியப் பெண்கள் ‘பனி ஹாக்கி’ அணி வெண்கலம் வென்று ஆசியாவின் மூன்றாவது சிறந்த அணி ஆகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவுதான். எங்கே நடந்தது, யார் ஆடினார்கள், ஒன்றும் இல்லை. இருந்த மூன்று வரியிலும் ஒரு தப்பு, ஒரு மிகை.

முதலில் தப்பு. சின்னதுதான். நமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது. மூடுபனியும் பனிதான், மலையில் பஞ்சு மாதிரி விழுவதும் பனிதான். பாவம், அந்த ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்! இந்த ஆட்டம் அது எதன் மேலும் நடப்பதில்லை. தண்ணீர் கல்லாக இறுகி, கண்ணாடி மாதிரி வழுக்குகிற ஐஸ் மேல் நடக்கிறது. மேலே பஞ்சுப் பனி விழுந்தால் அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் ஆடவே முடியும். ஐஸ் ஹாக்கி என்றே எழுதிவிடுங்கள், எல்லோருக்கும் புரியும்.

மிகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெண்கள் வெண்கலம் வாங்கிய அந்த ஆசியக் கோப்பையில் ஜப்பான், சீனா, தென் கொரியா மூன்றும் ஆடவில்லை. ஜப்பான் பெண்கள் 2014, 2018, 2022 என்று தொடர்ந்து மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர்கள், அவர்கள் இருக்கும் உயரம் வேறு. அதனால் ஆசியாவின் மூன்றாவது அணி என்பது உண்மையில்லை. வளர்ந்துவரும் அணிகளுக்கான போட்டி அது, அதில் மூன்றாமிடம். இப்படிச் சொல்வதால் அந்தப் பெண்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எங்கிருந்து புறப்பட்டு அந்த மூன்றாமிடத்துக்கு வந்தார்கள் என்று தெரிந்தால் மிகையே தேவைப்படாது.

வேலை நிமித்தமாக இரண்டு குளிர்காலம் லடாக்கில், லே நகரத்தில் இருந்தவன் நான். இருபது வருடத்துக்கு முந்தைய கதை. ஊருக்குள் கர்சூ என்று ஒரு குளம் உண்டு, டிசம்பர் கடைசியில் அது உறைந்துவிடும். உறைந்தால் போதாது, மேற்பரப்பு மேடுபள்ளமாக இருக்கும், ஆகவே ராத்திரி பத்து மணிக்கு மேல் நாலைந்து பேர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடிப்பார்கள், விடிவதற்குள் அது ஒரு புது ஏடாகப் படிந்து இறுகிவிடும். மறுநாள் மதியம் வெயில் கொஞ்சம் உறைத்தால் மேலே ஈரம் கசிய ஆரம்பிக்கும், ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பழைய ராணுவ பூட்ஸின் அடியில் இரும்புப் பட்டை அடித்து அதையே ஸ்கேட்ஸாக மாட்டிக்கொண்டு ஆடிய காலமும் அங்கே உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பையன்கள் ஆடி முடித்து, ராணுவ அணி ஆடி முடித்து, இருட்டுகிற நேரத்தில் மிச்சமிருக்கும் ஐஸ்தான் பெண்பிள்ளைகளுக்கு. கோடுகோடாகக் கிழிபட்டிருக்கும் அந்த ஐஸில் நாலு பிள்ளைகள் அண்ணன்மாரின் தொளதொள ஸ்கேட்ஸைப் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து எழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். (நானும் ஒரு முறை ஏறிப் பார்த்தேன். இடுப்பு இன்றைக்கும் அதை மறக்கவில்லை.)

அந்தத் தலைமுறைக்கு அடுத்து வந்தவர்கள்தான் 2016இல் முதல் முறையாக இந்தியாவின் பெயரில் தைவானின் தைபே போய் ஆடினார்கள். போக அரசுப் பணம் போதாமல் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். அந்தத் தொடரில் ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் பாங்காக்கில் ரிஞ்சன் டோல்மா தலைமையில் பிலிப்பைன்ஸை 4-3 என்று ஜெயித்தார்கள், இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் வெற்றி அது. அப்புறம் மலேசியாவையும் ஜெயித்தார்கள். ஆரம்ப காலத்திலிருந்தே கோல் காத்த நூர் ஜஹான் பெயரை நம் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்? 2025இல் செவாங் சுஸ்கித் தலைமையில் வெண்கலம். ஒரு வெற்றியும் இல்லாத தொடருக்கும் முதல் பதக்கத்துக்கும் நடுவே ஒன்பது வருடம்தான். அதுவும் வருடத்துக்கு இரண்டு மாதம் மட்டும் ஐஸ் கிடைக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு.

இந்த இரண்டு மாதக் கணக்கைத்தான் நம் பத்திரிகைகள் போடுவதே இல்லை. ஐஸ் ஹாக்கியில் ஒரு ஆட்டம் மூன்று பீரியட், ஒவ்வொன்றும் இருபது நிமிடம். களத்தில் ஒரு பக்கம் கோல்கீப்பரோடு ஆறு பேர். ஆனால் முழு வேகத்தில் முக்கால் நிமிடம் ஓடினாலே மூச்சு போய்விடும், அதனால் கோல்கீப்பர் தவிர மற்ற ஐந்து பேரும் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஆகக் கிட்டத்தட்ட இருபது பேர் ஒரே தரத்தில் வேண்டும். ஒரு சச்சினோ ஒரு ஹர்மன்பிரீத்தோ தனியாக ஆட்டத்தைத் தூக்கி நிறுத்திவிட முடியாது. பதினோராயிரம் அடி உயரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மூச்சு பிரச்சினையில்லை. பின்பக்கமாகச் சறுக்குவது, சட்டென்று பிரேக் போட்டுத் திரும்புவது, களத்தின் சுற்றுப் பலகையில் பக்கை (பந்துக்குப் பதில் அடிக்கிற தட்டையான ரப்பர் வட்டு) மோதவிட்டு அது திரும்பி வரும் கோணத்தைக் கணிப்பது, இதெல்லாம் ஐஸ் மேல் மணிக்கணக்கில் நின்றால் மட்டுமே வரும். நான் பார்த்த காலத்தில் கர்சூவில் முழங்கால் உயரப் பலகைதான் இருந்தது, பக் எகிறினால் பார்வையாளர் காலைப் பதம் பார்க்கும்! மற்ற பத்து மாதம் என்ன செய்வது? தார் தரையில் சக்கர ஸ்கேட்ஸ் கட்டி ஓடலாம், ஓடுகிறார்கள். அது நீச்சலைத் தரையில் படுத்துக் கற்றுக்கொள்வது மாதிரி.

இதில் பெரிய வேடிக்கை, அந்த வெண்கலம் கிடைத்த இடம். ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் ஐன், பாலைவன நகரம். போட்டி நடந்தது மே கடைசி, ஜூன் தொடக்கம், வெளியே வெயில் கொளுத்துகிற நேரம். இமயமலையை வைத்திருக்கிற நாம் ஐஸில் ஆடப் பாலைவனத்துக்குப் போகிறோம், ஏனென்றால் அங்கே கூரை போட்டு வருடம் முழுக்கக் குளிரூட்டுகிற ரிங்க், அதாவது ஐஸ் ஆடுகளம், இருக்கிறது. நாமும் கட்டாமல் இல்லை. 2011 தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் சர்வதேச அளவில் ஒரு ரிங்க் கட்டினோம், போட்டி முடிந்ததும் பராமரிக்கப் பணமில்லை என்று வருடக்கணக்கில் பூட்டி வைத்தோம். 2025இல்தான் திரும்ப உயிர் கொடுத்து அங்கே ஸ்கேட்டிங் போட்டி நடத்தினார்கள். நடுவில் போன அத்தனை வருடத்தை ஒரு விளையாட்டுக்காரியின் வயதோடு வைத்துக் கணக்குப் பாருங்கள், வயிறு எரியும்.

‘140 கோடிப் பேர், குளிர்கால ஒலிம்பிக்கில் ஒரு பதக்கம்கூட இல்லை’ என்று வருடா வருடம் யாராவது உங்கள் கடிதப் பகுதியில் கேலி செய்கிறார்கள். 2025 பிப்ரவரியில் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் வெறுங்கையோடு திரும்பியபோதும் அதே கேலி. பதக்கம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் சிவ கேசவன் ஆறு குளிர்கால ஒலிம்பிக்கில் லூஜ் (ஐஸ் தடத்தில் மல்லாந்து படுத்து ஓட்டுகிற சறுக்குவண்டி) ஓட்டியவர், நாட்டில் ஒரு லூஜ் தடம் கிடையாது, சறுக்குவண்டிக்குச் சக்கரம் மாட்டி லாரியும் ஆடுமாடும் போகிற மலைச்சாலையில் பயிற்சி எடுத்தார். காஷ்மீரின் குல்மர்க் ஆரிஃப் கான் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜெயன்ட் ஸ்லாலம் என்ற மலைச்சரிவுப் பனிச்சறுக்கில் 45ஆவது இடம். அன்று கொட்டுகிற பனியில் நிறையப் பேர் கீழே வந்து சேரவே இல்லை. 45 என்பதைப் பார்த்துச் சிரிக்கிறவர், எதை வைத்துக்கொண்டு அந்த 45 என்றும் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

கேலிக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ரகம் இருக்கிறது, அதுவும் எனக்கு ஒத்துவராது. ‘சிங்கப்பெண்கள்’, ‘சாதனை மங்கைகள்’ என்று பட்டம் கட்டி ஒரு படத்தைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுவது. அவர்களுக்குப் பட்டம் வேண்டாம். லேயிலேயே கூரையோடு, பன்னிரண்டு மாதமும் ஐஸ் நிற்கிற ரிங்க் வேண்டும், அதைப் போட்டி முடிந்த மறுநாளும் ஓட்டுவதற்கு மின்கட்டணப் பணம் வேண்டும். குளிர்காலம் இளகிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில் அந்த இரண்டு மாதத்தையும் நம்பி இருக்க முடியாது.

இன்னொன்று, மறந்தே போனேன். 2025 மார்ச்சில் டூரினில் நடந்த சிறப்பு ஒலிம்பிக்ஸ் உலகக் குளிர்கால விளையாட்டில் நம் அணி 8 தங்கத்தோடு 33 பதக்கம் வாங்கியது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான போட்டி அது. உங்கள் தொகுப்பில் அதற்கு அந்த மூன்று வரியும் இல்லை, டயர் விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கியிருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

இது ஜனவரி. கர்சூவில் இந்நேரம் ஐஸ் பிடித்திருக்கும், ராத்திரி யாராவது தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நிருபர் ஒருவரை இந்த மாதத்துக்குள் அனுப்பிவையுங்கள். பிப்ரவரி பாதிக்கு மேல் போனால் பார்ப்பதற்கு வெறும் குளம்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்