செவ்வாயில் ஒரு கச்சேரி: அண்ணன் மகளுக்குக் கடிதம்

அன்புள்ள பாப்பா,

போன வாரம் கல்யாணப் பந்தியில் அந்தப் பெரியவர் உன்னிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "வயலின் நன்றாக வருகிறதே, ராக்கெட் கதை எழுதுவதெல்லாம் எதற்கு? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும்." நீ சிரித்து மழுப்பிவிட்டாய். எனக்குத்தான் ரசம் தொண்டையில் இறங்கவில்லை. பஸ் பெங்களூரு மல்லேஸ்வரம் வந்து சேரும்வரை மனதுக்குள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதை உனக்கே எழுதிவிடுகிறேன்.

தாய்லாந்தில் சோம்தாவ் சுசரித்குல் என்று ஒருவர் இருக்கிறார். 1952இல் பாங்காக்கில் பிறந்து இங்கிலாந்தில் படித்தவர். பதினோரு வயதில் எழுதிய கவிதை ஒன்று பாங்காக் நாளிதழில் வந்தது. ஹாலிவுட் நடிகை ஷெர்லி மக்லைன் அதைத் தன் புத்தகத்தில் எடுத்துப் போட்டார், எழுதியவர் என்றோ செத்துப்போன கவிஞர் என்ற நினைப்பில்! இளமையில் இசையமைப்பாளராகத் தொடங்கிய மனிதர், அந்த ஊற்று வற்றியதும் அறிவியல் புனைகதைக்கு வந்தார். 1981இல் சிறந்த புது எழுத்தாளருக்கான ஜான் கேம்ப்பெல் விருது வாங்கினார். ஆனால் 1984இல் அவர் எழுதிய நாவலில் ரத்தம் குடிக்கும் காட்டேரி யார் தெரியுமா? ராக் பாடகன். பாட்டு எங்கேயும் போய்விடவில்லை, கதைக்குள் பதுங்கியிருந்தது. பிறகு பாங்காக்குக்கே திரும்பி ஆப்பெரா என்னும் மேல்நாட்டு இசை நாடகங்கள் எழுதி, வாத்தியக் குழுவை நடத்தவும் தொடங்கினார்.

2006இல் அவருடைய ராமாயண ஆப்பெரா மேடையேறியபோது ஒரு ரகளை. இராவணன் சாவதை மேடையில் காட்டினால் நாட்டுக்கு ஆகாது என்று அங்கே ஒரு நம்பிக்கை. அந்தக் காட்சியை மாற்றச் சொன்னார்கள் பண்பாட்டு அமைச்சக அதிகாரிகள். மனிதர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, ஊரறிய முறையிட்டார். இதைப் படித்ததும் எனக்கு நம் இராவணன் ஞாபகம்தான் வந்தது. வீணைக் கொடி அவனுடையது, பறந்ததோ புஷ்பக விமானத்தில். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டு என்றால் அவன் வந்துவிடுவான். வீணையும் விமானமும் ஒருவனிடமே இருந்ததை யாரும் குறையாகச் சொன்னதில்லை. அவன் கெட்டது வேறு விஷயத்தில்.

இனி, செவ்வாய்க் கிரகத்தில் கச்சேரி நடப்பதாக நீ எழுதிய கதை. அங்கே ஓடும் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் மைக்கில் பதிவானதை வைத்து, செவ்வாயில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர்தான் போகிறது என்று 2022இல் சொன்னார்கள். இங்கே 340. அதை நீ கச்சேரியில் கொண்டுவந்து வைத்தாய் பார், அங்கேதான் நான் எழுந்து உட்கார்ந்தேன். வயலின் கம்பியின் சுருதி அதன் நீளம், இழுவிசை, எடையைப் பொறுத்தது. காற்றில் ஒலி எவ்வளவு வேகமாகப் போனாலும் அதற்குக் கவலையில்லை. குழலுக்குள் அதிர்வதோ காற்றேதான், அதில் ஒலி மெதுவாகப் போனால் சுருதியும் இறங்கிவிடும். எனவே வயலின் ஷட்ஜத்தில் நிற்க, குழலின் ஷட்ஜம் கீழ் ஸ்தாயி பிரதி மத்திமத்தில் போய் விழுகிறது! பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு ஸ்வரஸ்தானம், இங்கே இறங்கியது ஆறு, கிட்டத்தட்ட சரியாக அரை ஸ்தாயி. ராக்கெட் மட்டும் தெரிந்தவனுக்குப் பிரதி மத்திமம் தோன்றாது. பந்தியில் பேசிய பெரியவருக்கு அந்த 240 தோன்றாது. பக்கவாத்தியத்துக்கு உட்கார்ந்து, குழல்காரர் சுருதி சேர்ப்பதற்காகக் காத்திருந்த பெண்ணுக்குத்தான் அந்த வரி வரும்.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, அத்தை என்பதற்காக விட்டுவிட மாட்டேன். ஊதுகிறவர் தலையில் கவசம் இருக்கிறது, எப்படி ஊதுவார்? எப்படியோ ஊதினார் என்றே வைத்துக்கொள். குழலுக்குள் நிறைவது அவருடைய சூடான, ஈரமான மூச்சு. அது செவ்வாயின் காற்று இல்லையே, அப்போது உன் 240 என்ன ஆகும்? ராமநவமிக் கச்சேரி கேட்க இங்கே சாமராஜ்பேட்டை போகும்போது குழல் வாசிக்கிறவர் யாரிடமாவது கேட்டுவிடலாம். 1939இல் தொடங்கிய கச்சேரி வரிசை அது, விஷயம் தெரிந்த ஒருவராவது அகப்படாமல் போகமாட்டார்.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ. வயலினையும் எடுத்து வா. பிசிபேளாபாத் செய்து வைக்கிறேன், வடாம் நீ வந்த பிறகு பொரிக்கலாம்.

அன்புடன்,
அத்தை