போனில் சொல்லாமல் விட்டது

அன்புள்ள கயல்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. புது வேலையில் ஏதோ பயிற்சி, புதிதாக ஒரு தொற்றுநோய் கிளம்பினால் முதல் சில வாரங்களில் ஜனங்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று தெரிந்தவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். 2020-இல் கொரோனா வந்தபோது நீங்கள் என்னப்பா செய்தீர்கள் என்றாய். "என்ன செய்தோம், எல்லாரையும் போல வீட்டுக்குள் கிடந்தோம்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

ஆரம்பத்தில் நாங்கள் பயப்படவே இல்லை, அதை முதலில் எழுதிக்கொள். இப்போது கேட்டால் ஆளாளுக்கு "எனக்கு அப்பவே தெரியும்" என்கிறார்கள், ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. 2019 டிசம்பர் 31 அன்று வூஹானில் காரணம் புரியாத நிமோனியா என்று செய்தி வெளியே வந்தது, ஜனவரி 23 அன்று ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கிற அந்த ஊரையே பூட்டினார்கள், டிவியில் ஆளில்லாத சாலைகளைக் காட்டினார்கள், நான் சேனலை மாற்றினேன். ஆபீசில் யாராவது தும்மினால் "என்ன சார், வூஹானா?" என்று சிரிப்போம். நோய்க்கு கோவிட்-19 என்ற ஒழுங்கான பெயர் பிப்ரவரி 11 அன்றுதான் கிடைத்தது. ஊர்ப் பெயரையோ மக்கள் பெயரையோ நோய்க்கு வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-லேயே சொல்லிவிட்டது, ஆனால் பெயர் வருவதற்குள் நாங்களே ஒன்று வைத்துவிட்டோமே. 1918-இல் ஸ்பெயினுக்கு நடந்ததும் இதுதான். போரில் இருந்த நாடுகள் பத்திரிகைகளை வாய் திறக்க விடவில்லை, போரில் சேராத ஸ்பெயின் பத்திரிகைகள் உள்ளதை எழுதின, அதனால் நோய் அவர்கள் பெயரிலேயே நின்றுவிட்டது.

எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருப்பது கணக்கு விஷயத்தில். வட்டிக்கு வட்டி போட்டே தலை நரைத்தவன் நான். மூன்று நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் ஒன்று, இன்றைக்கு ஒன்று என்றால் முப்பதாம் நாள் 1024 என்று மனக்கணக்கில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் தினமும் பேப்பரில் நோயாளிகளின் எண்ணிக்கையைப் பார்த்தேன், மூன்று, ஆறு, பதினொன்று என்று, "இவ்வளவுதானா" என்று பக்கத்தைத் திருப்பினேன். கடன்காரன் கணக்கு என்றால் கண்ணில் பட்டிருக்கும்.

அப்புறம் ஒரே வாரத்தில் எல்லாம் தலைகீழானது. மார்ச் 11 அன்று இது உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். அந்த ஒரு சொல் செய்ததை அதுவரை வந்த எண்கள் செய்யவில்லை. முந்தின நாள் வரை சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் மறுநாள் கடைவாசலில் நின்றோம். நானும் போய் நின்றேன், முன்னால் இருப்பவர் கழுத்தில் என் மூச்சு படும் அளவுக்கு நெருக்கமான வரிசை, ஒன்றரை மணி நேரம், எதற்கு? முகக்கவசம் வாங்க. மூன்று பெட்டி வாங்கினேன். வீட்டில் இருந்தது இரண்டு பேர். அந்த மாதம் 3-ஆம் தேதியே உலக சுகாதார நிறுவனம், அறுவைச் சிகிச்சை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்காகிவிட்டது, மருத்துவமனைகளுக்கே கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்ததைப் பின்னால் படித்தேன். ஹாங்காங்கில் பிப்ரவரியில் கத்தியைக் காட்டி 600 டாய்லெட் பேப்பர் சுருள்களைக் கொள்ளையடித்த செய்தியைப் படித்து அம்மாவிடம் சொல்லிச் சிரித்தவனும் இதே நான்தான். அந்தப் பெட்டிகளில் ஒன்று இன்னும் பீரோ மேல் இருக்கிறது, பிரிக்கவே இல்லை.

இதற்குள் போனில் ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. மூச்சைப் பத்து நொடி அடக்கிப் பாருங்கள், இருமல் வரவில்லை என்றால் உங்களுக்கு நோய் இல்லை என்று ஒரு செய்தி, உனக்கு ஞாபகம் இருக்கும், ஏனென்றால் அதை உனக்கும் அனுப்பினேன். நீ ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டிருந்தாய். "அப்பா, இது பொய், நோய் இருக்கிறவங்களும் மூச்சை அடக்க முடியும், எல்லாருக்கும் இது தப்புன்னு சொல்லுங்க" என்று பதில் போட்டாய். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நாலு எழுத்து படித்துவிட்டு அப்பனுக்குப் பாடம் எடுக்கிறாளா என்று. நான் அதை மூன்று குரூப்பில் போட்டிருந்தேன், ஒன்றிலும் திருத்தம் போடவில்லை. ஏன் அனுப்பினேன் என்று யோசித்தால், நம்பி அனுப்பினேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை சும்மா இருக்க முடியவில்லை, கயல். ஏதாவது செய்தாக வேண்டும், செய்வதற்கோ ஒன்றுமில்லை, அந்த அம்புக்குறியை அழுத்தினால் நாலு பேருக்கு உதவின மாதிரி இருந்தது. உங்கள் பயிற்சியில் ஜனங்கள் முட்டாள்கள் என்று யாராவது பேசினால் இதைச் சொல்லு.

உலக சுகாதார நிறுவனம் மாதிரி மேலே இருந்தவர்கள் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. முதலில், நலமாக இருப்பவர்களுக்கு முகக்கவசம் வேண்டாம் என்றார்கள். ஜூன் மாதம், நெருக்கமான இடங்களில் எல்லாரும் துணி முகக்கவசம் போடுங்கள் என்றார்கள். மார்ச் கடைசியில், இது காற்றில் பரவுவதில்லை என்று அடித்துச் சொன்னார்கள், பிறகு காற்றிலும் பரவும் என்று மெல்ல ஒத்துக்கொண்டார்கள். நாங்களோ பையையும் கதவுப் பிடியையும் சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தோம், ஜன்னலை மட்டும் இறுக்கிச் சாத்திவைத்தோம். அந்த மார்ச் 10 அன்று அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாட்டுக் குழு பயிற்சிக்குக் கூடியது. கை குலுக்காமல், கிருமிநாசினி எல்லாம் வைத்துக்கொண்டு ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறார்கள். வந்தவர்கள் 61 பேர், நோயில் விழுந்தவர்கள் 53 பேர், இரண்டு பேர் போய்விட்டார்கள். புது நோயில் தெரியாதது இருக்கும், அதில் தப்பே இல்லை, "இன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது இது, நாளைக்கு மாறலாம்" என்று அந்த ஒரு வரியைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் பிறகு மாற்றிச் சொன்னபோது எங்களில் பாதிப் பேர் "இவனுங்களுக்கே ஒன்றும் தெரியாது" என்று காதைப் பொத்தியிருக்க மாட்டோம். நீ நோட்டீஸ் எழுதும் இடத்துக்குப் போகிறாய், அதனால் சொல்கிறேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். சொல்ல வந்தது வேறு.

நாலாவது மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள், நீ லீவுக்கு வந்தபோது பார்த்திருப்பாய், எப்போதும் நீலப் பை ஒன்றைத் தோளில் போட்டிருப்பாள். ஏப்ரல் முதல் வாரம், ஒருவர் கையில் பேடும் காகிதமுமாக வீடு வீடாக வந்தார். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது, முடிந்தால் நோய் அடங்கும் வரை வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. எனக்கு முன்னால் பதினோரு கையெழுத்து. அம்மா உள்ளே இருந்து, "வேண்டாங்க, பாவம்" என்றாள். நான் கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷம், கீழே தேதியும் போட்டேன்.

வூஹானில் லி வென்லியாங் என்ற கண் டாக்டர் டிசம்பர் 30-லேயே கூடப் படித்த டாக்டர்களை ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி எச்சரித்தார், வதந்தி பரப்புகிறாய் என்று போலீஸ் அவரைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியது, பிப்ரவரி 7 அன்று அதே நோயில் அவர் இறந்துபோனார். அந்தக் காகிதத்தின் படம் பத்திரிகையில் வந்தபோது நான் கொதித்தேன். அவரிடம் போலீஸ் வாங்கியது. என்னிடம் யாரும் வற்புறுத்தவில்லை, பேனாகூட என்னுடையதுதான்.

அதன் பிறகு அவள் படியேறிப் போனாள். ராத்திரி பத்து பத்தரைக்குச் செருப்புச் சத்தம் கேட்கும், ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று. அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லாமல் நம் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப்போய் இரண்டாவது மாடித் திருப்பத்தில் போட்டுவிட்டு வந்தாள். ஒருநாள் கதவு இடுக்கில் பார்த்தேன். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, மூக்குத்தண்டின் மேல் விழுந்திருந்த கோட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பினாளா என்று தெரியாது, நான் கதவைச் சாத்திவிட்டேன்.

இப்போது நீ இதுவரை அறியாத விஷயம். அந்த ஏப்ரல் கடைசியில் ஐந்து நாள் நான் வீடியோவில் வரவில்லை, போன் கேமரா கெட்டுவிட்டது என்று சொன்னேன். கேமராவுக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் காய்ச்சல். இரண்டாம் நாளில் இருந்து இருமல். அதுதானா, வேறு சாதாரணக் காய்ச்சலா என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் நான் சோதனைக்கே போகவில்லை. போனால் ஆம்புலன்ஸ் வரும், கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், அந்தப் பதினொரு பேரும் பார்ப்பார்கள், பன்னிரண்டாவது கையெழுத்துக்காரன் வீடு என்று. சாவுக்குப் பயந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், அதில்லை. இருமல் வரும்போது தலையணையை வாயில் அழுத்திக்கொண்டேன், சுவர் அந்தப் பக்கம் கேட்கக் கூடாதென்று. அம்மாவுக்கு வராமல் போனது அதிர்ஷ்டம், நான் எடுத்த ஜாக்கிரதை ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி மூச்சு கொஞ்சம் கனத்தது. அம்மா எழுந்து, "மேலே போய் அந்தப் பெண்ணைக் கூப்பிடறேன், விரலில் மாட்டிப் பார்க்கிற அந்த மெஷினாவது வைத்திருப்பாள்" என்றாள். இரண்டு மாடி ஏறினால் போதும். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். எந்த முகத்தோடு போய்க் கேட்பது? விடியும் வரை இரண்டு பேரும் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அம்மா என் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள். காலையில் குறைந்தது.

பின்னால் தெரிந்தது, காகிதத்தோடு வந்தாரே, அவர் வீட்டிலும் அதே வாரம் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள். அவரும் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவுகிற நோய் என்கிறார்கள், அப்படியானால் கையெழுத்து வாங்க வந்தபோதே அவர் பேனா முனையோடு எதைக் கொண்டுவந்தார் என்று யாருக்குத் தெரியும். அவரைத் திட்டலாம் என்றுதான் எனக்கும் வாய் வருகிறது. நான் போட்ட அதே பூட்டுக்குள் நானும் கிடந்தேன், அவரும் கிடந்தார், லிஃப்டில் மட்டும் சௌகரியமாகப் போய்வந்தோம்.

அந்தப் பெண் ஆகஸ்டில் காலி செய்துகொண்டு போனாள். சாமான் ஏற்றும்போது நான் பால்கனியில் நின்றேன், கீழே இறங்கிப் போகவில்லை. போகலாம் என்று சட்டைகூடப் போட்டேன்.

உன் பயிற்சிக்கு இதில் எது தேறுமோ எடுத்துக்கொள். என் பெயரைப் போட வேண்டாம் என்று எழுத நினைத்தேன், போட்டாலும் பரவாயில்லை. காய்ச்சல் விஷயத்தை உனக்கு எழுதிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன், "இப்பவாவது சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னாள். ஸ்டூல் இன்னும் அந்தத் திருப்பத்திலேயே இருக்கிறது, ஒரு கால் விரிந்துவிட்டது, பேப்பர் போடுகிற பையன் அதன் மேல் பேப்பர்க் கட்டை வைத்துப் பிரிக்கிறான். எடுத்து வர அம்மா விடமாட்டேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வீடியோவில் வருகிறேன்.

அப்பா