பச்சையா தெரியறதெல்லாம் நெல் இல்லீங்க

ஐயா, டெல்டாவுல சாட்டிலைட் படத்த வச்சு நெல் பரப்ப கணக்கெடுக்கறத பத்தி உங்க பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன், நல்ல விஷயம்தான், ஆனா படத்துல வயல் எவ்வளவு பச்சையா தெரியுதுங்கறத மட்டும் நம்பினா சரிவராதுங்க. சம்பா வளர்ற ஐப்பசி கார்த்திகைல வானம் பூரா மேகம், 10 மீட்டர் அளவுக்கு நுணுக்கமா காட்டற சென்டினல்-2 சாட்டிலைட் படமா இருந்தாலும் பயிர் எப்படி தெரியும்? எங்க திருத்துறைப்பூண்டி பக்கம் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே, மண்ணு மெழுகு பதத்துல இருக்கறப்ப, நிக்கிற நெல்லுக்குள்ளயே உளுந்து தெளிச்சிடுவோம், அறுத்த கொஞ்ச நாள்ல வயல் மறுபடி பச்சையாயிடும், அத பிந்தி நட்ட தாளடி (குறுவைக்கு அப்புறம் நடற ரெண்டாம் போக நெல்) னு எழுதிடக்கூடாது.

மேகத்த தாண்டி பாக்கற சென்டினல்-1 சாட்டிலைட்டோட ரேடார் படத்தையும் சேத்து, நடவுக்கு தண்ணி நிக்கிறதுலேர்ந்து தொடர்ச்சியா பாக்கணும். வரைபடத்த முடிவு பண்றதுக்கு முன்னாடி விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) எழுதற அடங்கல் பயிர் கணக்கோட ஒப்பிட்டு ஊராட்சி ஆபீஸ்ல ஒட்டுங்க, தப்பு இருந்தா எந்த வயல்னு நாங்களே காட்டுறோம்.

ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி