அந்த வெறும் கட்டத்தைப் பற்றி: கட்டட அனுமதி தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாநகராட்சி ஆணையருக்கும் கட்டட அனுமதிப் பிரிவுப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

புதுக் கட்டடத்தின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது தூண், படிக்கட்டு, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள். மொட்டை மாடி மட்டும் அதில் வெறும் கட்டமாகவே இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். முதலில் சில தொட்டிகள். அப்புறம் ஆசை பெருகி, தளத்தின் மேலேயே மண் பரப்பிப் பாத்தி கட்டினேன். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கீழ்வீட்டு உட்கூரையில் ஈரம் பூத்துவிட்டது. வளர்ந்த செடிகளோடு அத்தனை மண்ணையும் அள்ளி இறக்கினேன். இன்றும் மனசு ஆறவில்லை.

நனைந்த மண் 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தாலே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கனக்கும். அதன் அடியில் நீர் புகாத பூச்சு, வேர்த் தடுப்பு விரிப்பு, வடிகால் அடுக்கு, மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் துணி எல்லாம் வேண்டும். கட்டும்போதே திட்டமிட்டால் இதெல்லாம் சாதாரண வேலை. குடியேறிய பிறகு, தளம் எவ்வளவு தாங்கும் என்று சொல்லக்கூட ஆள் கிடைப்பதில்லை.

கனடாவின் டொராண்டோ நகரம் 2009-இல் இதைச் சட்டமாக்கியது: பெரிய புதுக் கட்டடங்களின் கூரையில், அளவைப் பொறுத்து 20 முதல் 60 விழுக்காடு வரை பசுமை வேண்டும் என்றது. அமெரிக்காவின் சிகாகோ நகரம் அதற்கும் முன்பே, 2001-இல், தன் நகர மன்றக் கூரையிலேயே தோட்டம் அமைத்தது. அதே கட்டடத்தின் மறுபாதி வேறு நிர்வாகத்தின் கையில். அங்கே கறுப்புத் தார்க்கூரை. கோடையில் எந்தப் பாதி குளுமையாக இருந்தது என்பதை அருகருகே அளந்து பார்க்க முடிந்தது. நீங்களும் உங்கள் அலுவலகக் கூரையிலிருந்தே தொடங்கலாமே?

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மாடியில் பசுமை காட்டுகிறார்கள் என்பதற்காகத் தரையில் நிற்கும் மரத்தை வெட்ட விடாதீர்கள், பூங்கா இடத்தையும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏழாம் மாடிப் புல்வெளி தெருவில் நடப்பவருக்கு நிழல் தராது.

விண்ணப்பத்தில் மூன்று கேள்விகள் சேருங்கள், போதும். நனைந்த மண்ணின் எடையைத் தளம் தாங்குமா? மழைநீர் எந்த வழியாக வடியும்? ஐந்து வருடம் கழித்துச் செடிகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

எங்கள் பக்கத்துக் காலி மனையை இந்த வாரம் அளந்துகொண்டிருந்தார்கள். அதன் வரைபடம் சீக்கிரமே உங்களிடம் வரும்.

அன்புடன்,
ஒரு மாடித்தோட்டக்காரர்