மைனா குஞ்சை இன்னைக்கே வெளிய விட்டுடு பாப்பா

பாப்பா,

நீ அனுப்பின போட்டோவை பெரிசு பண்ணி பெரிசு பண்ணி பாத்தேன். அம்மாவும் பாத்தா, ஐயோ பாவம்னு சொல்லிட்டு போயிட்டா. நான்தான் உக்காந்து யோசிச்சிட்டே இருக்கேன். போன் பண்ணா நீ எடுக்கறதில்ல, வாய்ஸ் அனுப்பினாலும் கேக்க மாட்டே, அதான் எழுதறேன், பொறுமையா படி.

முதல் விஷயம், அது கூட்டுலேர்ந்து விழுந்த குஞ்சு இல்ல. கண்ணு நல்லா தொறந்திருக்கு, உடம்பு பூரா இறகு வந்தாச்சு, வால் மட்டும் குட்டையா இருக்கு, உன் விரலை பிடிச்சிட்டு நிக்குது. இந்த வயசுல அதுங்க தானா கூட்டை விட்டு இறங்கிடும். பறக்க முழுசா வராது, தரையில தத்தித் தத்தி போகும், செடி மறைவுல உக்காந்து கத்தும். கத்துறது அழுகை இல்லம்மா, நான் இங்க இருக்கேன், தீனி கொண்டான்னு கூப்பிடறது. தாயும் தகப்பனும் பக்கத்துலயே எங்கயாவது கம்பத்துலயோ மதில்லயோதான் இருக்கும், நாம நிக்கற வரைக்கும் கீழ இறங்காது, அவ்வளவுதான். நாம என்னடான்னா நாதியில்லாம கிடக்குதுன்னு தூக்கிட்டு வந்துடறோம். உன்னை திட்டல. எல்லாரும் பண்றதுதான்.

இறகே முளைக்காம, கண்ணு மூடி, தோலும் சதையுமா கிடந்தா அது வேற. அதை கூட்டுல திரும்ப வெக்கணும். கூடு எட்டலன்னா சின்ன கூடையில அடியில ஓட்டை போட்டு (மழை பேஞ்சா தண்ணி தேங்கக்கூடாது) காஞ்ச புல்லு வெச்சு அதே மரத்துல கட்டிட்டு தள்ளி நின்னு பாக்கணும். மனுஷன் கை பட்டா தாய் சேக்காதுன்னு உன் அம்மா இப்பவும் சொல்றா, அது சுத்த பொய். நம்ம வாசனை பட்டதுக்காக பெத்ததை எந்தப் பறவையும் தள்ளி வெக்காது. அதனால நீ தொட்டுட்டேன்னு பயந்துட்டு அங்கயே வெச்சுக்காதே.

அரை மணிக்கு ஒரு தடவை ஊட்டறேன், விடிஞ்சதுலேர்ந்து இருட்டற வரைக்கும்னு எழுதியிருந்தே. சரிதான், அந்த வயசு குஞ்சுக்கு அப்படித்தான் பசிக்கும், ரெண்டு பெரிய பறவை மாறி மாறி நாள் பூரா பூச்சி பிடிச்சு கொண்டாந்து போட்டாலே திணறும். அதை நீ ஒத்தையா பண்றே. நானும் கணக்கு போட்டு பாத்தேன், பகல்ல நாள் பூரா ஒருத்தர் வீட்லயே இருந்தாத்தான் இது முடியும். வாரத்துல எல்லா நாளும். சரி, வீட்டுலேர்ந்தே வேலை பாக்க சொல்லியிருப்பாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். அம்மாகிட்ட இதை சொல்லல.

பால் குடுக்காதே, பறவைக்கு பால் செரிக்காது. பிரெட்டும் வேணாம், வயிறு ரொம்பும், சத்து இருக்காது. சொட்டு சொட்டா வாயில தண்ணி விடறதை இப்பவே நிறுத்து, நாக்குக்கு பின்னாடியே மூச்சுக்குழா ஓட்டை இருக்கு, தண்ணி அதுக்குள்ள போச்சுன்னா முடிஞ்சுது. குஞ்சுக்கு ஈரமெல்லாம் தீனியிலேர்ந்தே வந்துடும். உடம்பு சில்லுன்னு இருக்கறப்ப தீனியே குடுக்கக்கூடாது, முதல்ல கதகதப்பு. சின்ன சித்தி ஒரு குஞ்சை வளர்த்தாளே, அதுக்கு காலு வளைஞ்சு போச்சே, அது சுண்ணாம்புச் சத்து இல்லாம வந்தது, பாசம் இல்லாம இல்ல. அவ எவ்வளவு பாசமா பாத்துக்கிட்டான்னு உனக்கு தெரியும்.

பிழைச்சாலும் பிரச்சனை இருக்கு. லோரென்ஸ்னு ஒரு ஆஸ்திரிய விஞ்ஞானி, 1973ல நோபல் பரிசு வாங்கினவர், முட்டையிலேர்ந்து வந்த காட்டு வாத்துக் குஞ்சுங்க முதல்ல பாத்த அவரையே தாய்னு நம்பி அவர் பின்னாடியே போச்சுங்க. மைனா அந்த அளவுக்கு இல்ல, ஆனா கையிலயே வளர்ந்துதுன்னா பூனையைக் கண்டு பயப்படணும்னு தெரியாது, தரையை கிளறி தானா தேடி தின்ன தெரியாது, தன் கூட்டத்தோட பேச்சு தெரியாது, மனுஷன் தோள்ல போய் உக்காரும். யார் தோள்லன்னு அது பாக்குமா. இதையெல்லாம் பழக்க பெரிய மைனாவாலதான் முடியும், உனக்கு எவ்வளவு பொறுமை இருந்தாலும் முடியாது. உன் பொறுமை எனக்கு தெரியாதா, ஸ்கூல்ல அந்த அணிலுக்கு நீ ராத்திரியெல்லாம் முழிச்சது. பெருமையாத்தான் இருந்துது, வெளிய காட்டிக்கல. ஆனா அப்பவும் நீ சாப்பிடாம கொள்ளாம பரீட்சையை கோட்டை விட்டுட்டு வந்து நின்னே, காரணம் கேட்டா அணிலுன்னே. அணில் மட்டும்தான் காரணம்னு நாங்களும் விட்டுட்டோம். சரி அதை விடு.

அப்படியே எல்லாத்தையும் விட்டுட்டு வான்னும் சொல்லல. ரத்தம் வந்தா, றெக்கை தொங்கினா, பூனை வாய் பட்டிருந்தா, அன்னைக்கே பறவை பாக்கற டாக்டர்கிட்ட இல்ல வனத்துறைக்காரங்ககிட்ட குடுத்துடணும். பூனை பல்லு பட்ட இடம் வெளிய தெரியவே தெரியாது, ஆனா அதோட எச்சில்ல இருக்கற கிருமியே கொன்னுடும். அப்புறம் உழவாரக் குருவி, அதுக்கு தரையிலேர்ந்து எழும்பறது ரொம்ப கஷ்டம், கீழ கிடந்தா எடுத்துத்தான் ஆகணும். உன்னோடதுக்கு இது எதுவும் இல்ல, நல்லா கொழுகொழுன்னு இருக்கு.

அதனால இன்னைக்கே, வெளிச்சம் இருக்கறப்பவே, எடுத்த இடத்துல, செடியோ தாழ்ந்த கிளையோ பாத்து விட்டுடு. பக்கத்து வீட்டு பூனையை கொஞ்ச நேரம் உள்ள வெச்சுக்க சொல்லு. நீ உள்ள போய் ஜன்னல் வழியா பாரு, ஒரு மணி ரெண்டு மணி நேரம் ஆகலாம், குறுக்க போகாதே. ஒண்ணு ரெண்டு நாள் உன்கிட்ட இருந்ததுக்கு அப்புறமும் தாய் வந்து சேத்துக்கறது உண்டு. அதுக்கு மேல தள்ளிப்போடாதே, சொல்லிட்டேன். யாருமே வரலன்னா அந்த டாக்டர்கிட்ட கொண்டு போ, திரும்ப வீட்டுக்கு தூக்கிட்டு வந்துடாதே.

ஒரு வேளையாவது ஒழுங்கா உக்காந்து சாப்பிடு. தூங்கு. போட்டோவுல பின்னாடி அந்த மேஜை தெரிஞ்சுது, லேப்டாப் இருந்த இடம் காலியா இருந்துது, நான் எதுவும் கேக்கல.

நாளைக்கு பகல்ல போன் பண்ணட்டுமா? ஆபீஸ் நேரம்னா வேணாம். ஆபீஸ் நேரமா இல்லையான்னு மட்டும் ஒரு வரி எழுது, எதுவா இருந்தாலும் எழுது, நான் அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்.

அப்பா