வெளிநாட்டுக் கம்பனி முறிந்தால் வன்னித் தொழிலாளிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னிக்கு வரும் முதலீடுகள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்பதோடு அது முடிந்துவிட்டது. முதலிட்ட கம்பனி தன் நாட்டில் வங்குரோத்தானால் இங்கே என்ன நடக்கும்? அதையும் பேசத்தான் வேண்டும்.

2016இல் தென்கொரியாவின் ஹன்ஜின் கப்பல் கம்பனி முறிந்தபோது, கடன்காரர் கப்பலைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் பல கப்பல்கள் சரக்கோடு நடுக்கடலில் நின்றன. சியோலில் தொடங்கிய வழக்குக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று பாதுகாப்புக் கொடுத்த பிறகுதான் அங்கே சரக்கை இறக்க முடிந்தது. அதற்கு வழி செய்தது ஐ.நா. வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1997இல் தந்த மாதிரிச் சட்டம். ஒரு நாட்டின் முறிவு வழக்கை இன்னொரு நாட்டு நீதிமன்றம் எப்படி ஏற்பது, சொத்தை ஆளாளுக்குப் பிய்த்தெடுக்காமல் எப்படித் தடுப்பது என்று அது சொல்கிறது. அமெரிக்கா 2005இலும் பிரித்தானியா 2006இலும் சிங்கப்பூர் 2017இலும் அதை எடுத்துக்கொண்டன. இலங்கை இன்னும் எடுக்கவில்லை.

சரி, எடுத்தால் நமக்கு என்ன லாபம்? கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். தாய்க் கம்பனி வெளிநாட்டில் முறிகிறது. கடன்களைத் தீர்ப்பதற்காக அங்கே நியமிக்கப்பட்ட அதிகாரி வந்து, இங்குள்ள தையல் மெசின்களையும் வங்கிப் பணத்தையும் கேட்கிறார். அவரை எப்படி நடத்துவது என்று நம் நீதிபதிக்குத் தெளிவான விதி இல்லை. சம்பள நிலுவை, கம்பனி கட்டாமல் விட்ட ஊழியர் சேமலாப நிதிப் பணம், பணிக்கொடை எல்லாம் அந்தக் குழப்பத்துக்குள் அகப்பட்டுவிடும். போருக்குப் பிறகு குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் பலர் இந்த வேலையை நம்பியிருக்கிறார்கள். அவர்களால் கொழும்பு நீதிமன்றத்துக்கே போய்வர முடியாது, இலண்டனுக்கு எங்கே போவது?

இந்தச் சட்டம் வந்தால் சொத்தெல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் உள்ளூர்க் கடன்காரரின் நலன் காக்கப்பட்டது என்று நீதிமன்றம் திருப்திப்பட்டால்தான் சொத்தைப் பங்கிட வெளிநாட்டு அதிகாரியிடம் விடலாம் என்று மாதிரிச் சட்டத்தின் 21ஆம் உறுப்புரையே சொல்கிறது. நாம் எழுதும்போது இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: தொழிலாளரின் சம்பளமும் சேமலாப நிதியும் இங்கேயே முதலில் தீர்க்கப்பட வேண்டும்.

வன்னித் தேர்தல் மாவட்ட எம்.பி.மாரும், கிளிநொச்சி மக்களின் வாக்கையும் பெற்று யாழ்ப்பாண மாவட்டத்தில் வென்றவர்களும் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். தொழிற்சாலைத் திறப்பு விழாக்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கிளிநொச்சி